சிசேரியன் தழும்பில் மாதாமாதம் வலி: கொழுப்புக்கட்டி என்கிறார்கள், மனம் ஒப்பவில்லை

பொன்னி_திருச்சி | ஜனவரி 18, இரவு 11.05

எல்லோருக்கும் வணக்கம். மகள் தூங்கிய பிறகு எழுதுகிறேன். நீளமாகப் போனால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

வயது 33. 2019ல் சிசேரியன், அடிவயிற்றில் குறுக்குத் தையல். நன்றாக ஆறியது, சீழ் எதுவும் வைக்கவில்லை. இரண்டு வருடம் கழித்துத் தழும்பின் இடது மூலையில், தோலுக்கு அடியில், புளியங்கொட்டை அளவில் ஏதோ கெட்டியாகத் தட்டுப்பட்டது. அப்போது வலி இல்லை. இப்போது சின்ன நெல்லிக்காய் அளவுக்கு வந்துவிட்டது. உள்ளாடையின் எலாஸ்டிக் சரியாக அதன் மேல்தான் உரசுகிறது.

சில நாட்களில் அதைத் தொடவே முடியாது. மகள் மடியில் ஏறும்போது முழங்கால் பட்டால் கண்ணில் தண்ணீர் வந்துவிடும். வேறு சில வாரங்களில் அழுத்திப் பார்த்தாலும் ஒன்றும் தெரியாது.

மூன்று பேரிடம் காட்டிவிட்டேன். முதலாமவர் கரையாத தையல் நூலின் முடிச்சு என்றார். இரண்டாமவர் கொழுப்புக்கட்டி, தொந்தரவு இல்லாதவரை விட்டுவிடலாம் என்றார். மூன்றாமவர் இருமச் சொல்லிப் பார்த்துவிட்டு, குடலிறக்கத்தின் ஆரம்பமாக இருக்கும் என்று பெல்ட் எழுதிக் கொடுத்தார். பெல்ட் போட்டால் வலி கூடுகிறது. மாமியார், தையல் போட்ட உடம்பு குளிருக்கு இழுக்கத்தான் செய்யும் என்கிறார்.

கொழுப்புக்கட்டி வாரத்துக்கு வாரம் மாறுமா? யாருக்காவது இப்படி இருந்திருக்கிறதா?

சுமதி_சேலம் | ஜனவரி 18, இரவு 11.40

பொன்னி, ஒன்று மட்டும் சொல்லுங்கள். தொட முடியாத அந்த நாட்கள் எந்த நாட்கள்? பீரியட்ஸை ஒட்டியா?

பொன்னி_திருச்சி | ஜனவரி 19, காலை 6.10

அக்கா, நீங்கள் கேட்டதும் இரவெல்லாம் இதே யோசனை. போகி அன்று வலி அதிகம், வீட்டைத் துடைக்க முடியாமல் உட்கார்ந்துவிட்டேன். அன்றுதான் பீரியட்ஸ் வந்தது. அதற்கு முந்தைய மாதம், மார்கழி முதல் தேதி வாசலில் கோலம் போடக் குனிய முடியவில்லை. அதுவும் பீரியட்ஸ் நாள்தான். வயிற்று வலியோடு வலியாக நினைத்துக்கொண்டேனே தவிர, இரண்டையும் சேர்த்துப் பார்க்கத் தோன்றவே இல்லை. மூன்று மருத்துவர்களில் ஒருவரும் இதைக் கேட்கவில்லை.

சுமதி_சேலம் | ஜனவரி 19, காலை 9.30

என்னிடமும் யாரும் கேட்கவில்லை. நான்கு வருடம் அப்படியே போயிற்று.

எனக்கு இரண்டாவது சிசேரியனோடு சேர்த்துக் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷனும் செய்தார்கள். ஒன்றரை வருடத்தில் வலது பக்கம் கட்டி. சீழ்க்கட்டி என்று ஒரு கோர்ஸ் ஆன்டிபயாடிக், அது கேட்கவில்லை என்று இன்னொரு கோர்ஸ். ஒரு கட்டத்தில் டிபியாக இருக்குமோ என்று கூடச் சோதித்தார்கள். சமையலறையில் பால் கணக்கு எழுதும் மாதக் காலண்டரில் வலி வந்த நாளில் எல்லாம் சிவப்புப் பேனாவால் ஒரு கோடு போட ஆரம்பித்தேன். ஐந்து மாதத் தாள்களைக் கிழித்து எடுத்துக்கொண்டு ஒரு பெண் மருத்துவரிடம் போனேன். அவர் கட்டியைத் தொடுவதற்கு முன்பே, தாள்களைப் பார்த்த மாத்திரத்தில், தழும்பில் எண்டோமெட்ரியோசிஸ் என்று சொன்னார். 2016ல் எடுத்துவிட்டேன். இதுவரை திரும்ப வரவில்லை.

உங்களுக்கும் அதேதான் என்று நான் சொல்ல முடியாது. ஆனால் இன்றிலிருந்து தேதி எழுதுங்கள். வலி எத்தனை நாள், கட்டி பெரிதாகிறதா, தோல் நிறம் மாறுகிறதா, எல்லாவற்றையும்.

அகிலா_மகப்பேறு | ஜனவரி 19, இரவு 9.15

நான் மகப்பேறு மருத்துவர். இங்கே யாருக்கும் நோயை முடிவு செய்து சொல்ல மாட்டேன். ஆனால் சுமதி கேட்ட கேள்வி எங்கள் புறநோயாளி அறையில் முதலில் கேட்கப்பட வேண்டியது. கேட்காமல் விட்டது எங்கள் தரப்பின் தவறுதான்.

கருப்பையின் உட்சுவரை மூடியிருக்கும் சவ்வுதான் ஒவ்வொரு மாதமும் தடித்து, உதிர்ந்து, மாதவிடாயாக வெளியேறுகிறது. அதே வகைத் திசு கருப்பைக்கு வெளியே எங்காவது வேர் பிடித்து வளர்ந்தால் அதற்குப் பெயர் எண்டோமெட்ரியோசிஸ். பொதுவாகச் சினைப்பை, கருப்பையைச் சுற்றிய பகுதிகளில் வரும். 1920களில் அமெரிக்காவில் ஜான் சாம்ப்சன் என்ற மருத்துவர், மாதவிடாய் இரத்தம் கருக்குழாய் வழியாகப் பின்னோக்கிப் போய் வயிற்றுக்குள் ஒட்டிக்கொள்கிறது என்று விளக்கினார். இன்றும் அதைத்தான் முதலில் சொல்லிக்கொடுக்கிறோம்.

தழும்பில் வருவதற்கு அவ்வளவு சுற்றிப் போக வேண்டியதில்லை. சிசேரியனில் கருப்பையைத் திறக்கிறோம், குழந்தையையும் நஞ்சுக்கொடியையும் எடுக்கிறோம், உள்ளே துடைக்கிறோம், தைக்கிறோம். அந்த வேளையில் உள்சவ்வின் சில செல்கள் வயிற்றுச் சுவரின் வெட்டிய பகுதியில் ஒட்டிக்கொள்ள வாய்ப்பு உண்டு. நாற்றங்காலில் பிடுங்கிய நாற்றில் ஒன்றிரண்டு வரப்பில் விழுந்து அங்கேயே வேர் விடுவதைப் போல. பிறகு மாதம்தோறும் ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோனுக்குக் கட்டுப்பட்டு அதுவும் தடிக்கும், கசியும். கருப்பைக்கு வாசல் இருக்கிறது, இதற்கு இல்லை. கசிந்த இரத்தம் அங்கேயே தேங்கி, சுற்றிலும் அழற்சி உண்டாகி, நார்த்திசு சூழ்ந்து கெட்டியாகிறது. அந்தக் கெட்டிதான் கையில் தட்டுப்படுகிறது.

சிசேரியன் மட்டும்தான் காரணம் என்று இல்லை. கருப்பை நீக்க அறுவை, குடும்பக் கட்டுப்பாடு, லேப்ராஸ்கோப்பி (சின்னத் துளை வழியாகக் கேமரா விட்டுச் செய்யும் அறுவை) துளைகள், சுகப்பிரசவத்தில் போடும் கீழ்த்தையல், எல்லாவற்றிலும் பதிவாகியிருக்கிறது. சிசேரியன் செய்துகொண்டவர்களில் 100க்கு ஒருவருக்கும் குறைவாகத்தான் வரும். அரிது என்பதால்தான் நினைவுக்கு வருவதில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 445 பேரின் விவரங்களைத் திரட்டி 2008ல் வெளியான ஒரு ஆய்வில், கட்டி இருந்தவர்கள் 96 சதவீதம், வலி இருந்தவர்கள் 87 சதவீதம். மாதவிடாயோடு சேர்ந்து வந்த வலி 57 சதவீதம் பேருக்குத்தான். அறுவை நடந்து கட்டி தெரிவதற்குச் சராசரியாக 3.6 வருடம். அதனால் தேதி பொருந்தினால் சந்தேகம் வலுக்கும், பொருந்தாவிட்டால் இல்லை என்று ஒதுக்கிவிடக் கூடாது. பாதிப் பேருக்கு வலி எப்போதும் இருக்கும், அல்லது ஒழுங்கில்லாமல் வரும்.

கவிதா_ஓசூர் | ஜனவரி 20, காலை 10.20

டாக்டர், மன்னிக்கவும், கொஞ்சம் கோபமாகவே கேட்கிறேன். தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு 2019–21ல், தமிழ்நாட்டில் 100 பிரசவத்தில் ஏறத்தாழ 45 சிசேரியன். தனியார் மருத்துவமனைகளில் 64க்கு அருகில். இந்தியா முழுமைக்கும் 21.5 தான். இவ்வளவு பேரின் வயிற்றைத் திறக்கிறோம், அதில் இப்படி ஒன்று வரலாம் என்று டிஸ்சார்ஜ் சீட்டில் ஒரு வரி கூட எழுதுவதில்லை. என் அக்காவுக்கு இதே கட்டி. அவள் 6 வருடம் வலி மாத்திரையில் ஓட்டினாள். அரிது என்று சொன்னால் எங்களுக்கு என்ன ஆறுதல்?

அகிலா_மகப்பேறு | ஜனவரி 20, இரவு 10.05

கோபம் நியாயமானது, கவிதா. நீங்கள் சொன்ன எண்கள் சரி. அரசு மருத்துவமனைகளிலும் 36 சதவீதம். 100க்கு ஒன்றைவிடக் குறைவு என்றாலும், இத்தனை சிசேரியன் நடக்கும் மாநிலத்தில் அது சிறிய எண்ணிக்கை ஆகாது. தழும்பில் புதிதாக ஏதாவது கட்டி வந்தால் மாதவிடாய்த் தேதியோடு சேர்த்து வந்து சொல்லுங்கள் என்ற ஒரு வரியை டிஸ்சார்ஜ் சீட்டில் எழுதலாம். நான் இனிமேல் எழுதுகிறேன்.

தடுக்க முடியுமா என்று அடுத்துக் கேட்பீர்கள். கருப்பையின் உள்ளே துடைத்த துணியை மறுபடி வெளிக்காயத்தில் பயன்படுத்தாமல் இருப்பது, கருப்பை தைத்த ஊசியாலேயே வயிற்றுச் சுவரைத் தைக்காமல் இருப்பது, மூடும் முன் காயத்தை சலைன் விட்டு நன்றாகக் கழுவுவது. இவற்றால் கட்டாயம் தடுக்க முடியும் என்பதற்கு உறுதியான சான்று இல்லை. ஆனால் செலவும் இல்லை, ஆபத்தும் இல்லை. செய்துவிட்டுப் போகலாமே என்பது என் கருத்து.

ஒரு வேண்டுகோள். இதைப் படித்துவிட்டு, தேவையான இடத்தில் சிசேரியனுக்கு யாரும் பயப்பட வேண்டாம். குழந்தையின் துடிப்பு இறங்கும்போது இந்தக் கணக்கைப் போட்டுக்கொண்டிருக்க நேரம் இருக்காது.

ஸ்கேன்அறை_நெல்லை | ஜனவரி 21, மாலை 4.30

நான் ஸ்கேன் பார்க்கும் மருத்துவர். பொன்னி அடுத்து ஸ்கேனுக்குத்தான் போவார், அதனால் எழுதுகிறேன்.

'வயிறு ஸ்கேன்' என்று மட்டும் சீட்டில் எழுதியிருந்தால், நாங்கள் உள்ளே கல்லீரல், சிறுநீரகம், கருப்பை என்று பார்த்துவிட்டு எல்லாம் நார்மல் என்று அனுப்பிவிடுவோம். வயிற்றின் ஆழத்தைப் பார்க்கும் வளைந்த புரோபில் (உடலில் வைத்துப் பார்க்கும் கருவி முனை) தோலுக்கு ஒரு அங்குலம் கீழே இருப்பது சரியாகத் தெரியாது. தைராய்டு, மார்பகம் பார்க்கப் பயன்படுத்தும் லீனியர் புரோபைத் தழும்பின் மேல் வைத்துப் பார்க்க வேண்டும். 'சிசேரியன் தழும்பின் இடது மூலைக் கட்டி' என்று சீட்டில் எழுதி வாங்குங்கள். படுத்ததும் கட்டியை நீங்களே விரலால் தொட்டுக் காட்டுங்கள். முடிந்தால் வலிக்கும் நாளில் வாருங்கள்.

ஸ்கேனில் இது கறுப்பாக, ஓரம் ஒழுங்கில்லாமல், சுற்றியுள்ள கொழுப்புக்குள் முள் நீட்டியது போலத் தெரியும். டாப்ளரில் கொஞ்சம் இரத்த ஓட்டமும் தெரியலாம். கொழுப்புக்கட்டி இப்படி இருக்காது, அது மிருதுவாக, ஓரம் தெளிவாக இருக்கும். ஹெர்னியா, அதாவது குடலிறக்கம் என்றால் முக்கினாலும் இருமினாலும் பிதுங்கும், பெரும்பாலும் படுத்தால் உள்ளே போகும், தசை உறையில் ஓட்டை தெரியும். ஆனால் தழும்பில் டெஸ்மாய்டு என்ற நார்த்திசுக் கட்டியும் ஏறக்குறைய இதே போல வரும். ஸ்கேன் மட்டும் பார்த்து நான் சத்தியம் செய்ய மாட்டேன்.

கட்டி பெரிதாக இருந்தால், அல்லது தசைக்குள் எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்று தெரியாவிட்டால் எம்ஆர்ஐ உதவும். பழைய இரத்தக் கசிவு அதில் நன்றாகத் தெரியும். எல்லோருக்கும் எம்ஆர்ஐ தேவையில்லை.

முருகன்_தேனி | ஜனவரி 23, இரவு 10.50

ஆண்கள் இங்கே எழுதலாமா தெரியவில்லை. என் மனைவிக்கு இது இருந்தது. இரண்டு இடத்தில் 'மனசுதான் காரணம், குழந்தைக்கு அப்புறம் இப்படி இருக்கும்' என்று சொல்லி அனுப்பினார்கள். மூன்றாவது முறை நானும் கூடவே உள்ளே போய் உட்கார்ந்தேன். அவள் சொல்லக் கூச்சப்பட்டதை எல்லாம் நான் சொன்னேன். மாதவிடாய் என்ற சொல்லை ஒரு மருத்துவரிடம் சொல்ல அவளுக்கே தயக்கம் இருந்திருக்கிறது, அவர் ஆண் என்பதால். வீட்டில் அம்மாவிடம் கூட 'தலைக்குக் குளித்தேன்' என்று சுற்றி வளைத்துச் சொல்லும் பழக்கம். கட்டி வேறு, அது வேறு என்று நாங்களே பிரித்து வைத்திருந்தோம். கணவர்கள் யாராவது படித்தால், ஒரு நாள் லீவு போட்டுவிட்டுக் கூடப் போங்கள்.

பொன்னி_திருச்சி | பிப்ரவரி 13, இரவு 10.30

எல்லோருக்கும் நன்றி. முருகன் அண்ணா எழுதியதை என் கணவரிடம் படித்துக் காட்டினேன், இந்த முறை அவரும் வந்தார்.

பிப்ரவரி 10 பீரியட்ஸ். 9ஆம் தேதி மாலையிலேயே வலி தொடங்கியது, 13 இன்றுதான் குறைகிறது. 11ஆம் தேதி, வலி உச்சத்தில் இருந்தபோது ஸ்கேன் எடுத்தேன். 2.6 செ.மீ.க்கு 1.9 செ.மீ., ஓரம் ஒழுங்கில்லாதது, தசை உறையைத் தொட்டுக்கொண்டிருக்கிறது, 'தழும்பு எண்டோமெட்ரியோசிஸாக இருக்கலாம்' என்று எழுதியிருக்கிறார்கள். அந்த வரியைப் படித்ததும் பயம் வரவில்லை, ஒரு நிம்மதிதான் வந்தது. நான் கற்பனை செய்யவில்லை.

இப்போது வேறு குழப்பம். ஒரு மருத்துவர், ஆறு மாதம் டைனோஜெஸ்ட் என்ற ஹார்மோன் மாத்திரை சாப்பிட்டுப் பாருங்கள், கத்தி வேண்டாம் என்கிறார். இன்னொருவர், நேரே எடுத்துவிடலாம், ஆனால் முதலில் ஊசி குத்தி செல் சோதனை செய்ய வேண்டும் என்கிறார். எதைக் கேட்பது?

நிலா_வேளச்சேரி | பிப்ரவரி 14, காலை 8.15

மாத்திரை பற்றி என் அனுபவம். தினமும் 2 மில்லிகிராம் டைனோஜெஸ்ட், எட்டு மாதம் சாப்பிட்டேன். இரண்டாவது மாதத்திலிருந்து தழும்பு வலி ஏறக்குறைய இல்லை. அது எனக்குக் கிடைத்த பெரிய விடுதலை, அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். அப்போது மகனுக்குப் பொதுத்தேர்வு, அறுவைக்குப் படுக்க முடியாத நேரம். ஆனால் நினைத்த நாளில் எல்லாம் சொட்டுச் சொட்டாக இரத்தப்போக்கு, தலைவலி, காரணமில்லாமல் அழுகை. கட்டியின் அளவோ குறையவே இல்லை. மாத்திரையை நிறுத்திய மூன்றாவது மாதம் வலி பழையபடி வந்துவிட்டது. பிறகுதான் அறுவை செய்துகொண்டேன்.

சர்ஜன்_ஈரோடு | பிப்ரவரி 14, இரவு 11.20

பொது அறுவை மருத்துவர். தழும்பில் கட்டி என்றால் பெண்கள் முதலில் எங்களிடம்தான் வருகிறார்கள், மகப்பேறு மருத்துவரிடம் அல்ல. நாங்கள் ஹெர்னியா, நூல் முடிச்சு, கொழுப்புக்கட்டி என்ற வரிசையில் யோசிக்கப் பழகியவர்கள். பயிற்சிக் காலத்தில் ஹெர்னியா என்று நினைத்துத் திறந்து, உள்ளே பழுப்பு நிறத் திசுவைப் பார்த்த நாள் எனக்கு நினைவிருக்கிறது. அந்தப் பெண்ணிடம் நான் பீரியட்ஸ் பற்றிக் கேட்டிருக்கவில்லை. அன்றிலிருந்து கேட்காமல் இருந்ததில்லை.

நிலா சொன்னது சரி. மாத்திரை, மாதாமாதம் போடும் லூப்ரோலைட் ஊசி, எல்லாமே திசுவை உறங்க வைக்கும், அழிக்காது. சுற்றிலும் நார் கட்டிய கெட்டி மாத்திரைக்குக் கரையாது. வயிற்றுக்குள்ளும் எண்டோமெட்ரியோசிஸ் இருந்தால், அல்லது அறுவையைத் தள்ளிப்போட வேண்டிய காரணம் இருந்தால் மாத்திரைக்கு இடம் உண்டு. தழும்பில் தனியாக ஒரே கட்டி என்றால் முழுதாக எடுப்பதுதான் சிகிச்சை.

முழுதாக என்பதை அழுத்திச் சொல்கிறேன். கட்டியை மட்டும் தோண்டி எடுத்தால் ஓரத்தில் தங்கிய திசு மறுபடி வளரும். சுற்றிலும் ஏறத்தாழ 1 செ.மீ. நல்ல திசுவோடு, உடைக்காமல், ஒரே துண்டாக எடுக்க வேண்டும். பொன்னிக்குத் தசை உறையைத் தொட்டிருப்பதால் அந்த உறையிலும் ஒரு வட்டத்தை வெட்ட வேண்டியிருக்கும். ஓட்டை சிறிதென்றால் நேரே தைத்துவிடலாம். பெரிதென்றால் மெஷ் என்ற வலைத்துண்டு வைக்க வேண்டும், இல்லாவிட்டால் பின்னாளில் நிஜமாகவே ஹெர்னியா வரும். அகிலா டாக்டர் சொன்ன அதே 2008 ஆய்வில், எடுத்த பிறகு திரும்ப வந்தது 4.3 சதவீதம் பேருக்குத்தான். இவ்வளவு நல்ல பலன் எங்கள் தொழிலில் எல்லா நோய்க்கும் கிடைப்பதில்லை.

ஊசிச் சோதனை பற்றி எனக்குத் தயக்கம் உண்டு. குத்தும் வழியில் செல்கள் சிந்தலாம் என்ற அச்சம் ஒன்று. ஹெர்னியாவாக இருந்தால் குடலில் குத்திவிடும் ஆபத்து இன்னொன்று. கதையும் ஸ்கேனும் தெளிவாக இருந்தால் நான் நேரே எடுத்துவிடுவேன்.

ஸ்லைடு_பார்ப்பவர் | பிப்ரவரி 15, காலை 7.50

ஈரோடு டாக்டரிடம் கொஞ்சம் மாறுபடுகிறேன். நான் பேத்தாலஜி மருத்துவர், எடுத்த திசுவைச் சோதிப்பது என் வேலை. கதை தெளிவாக இல்லாத பாதிப் பேருக்கு ஊசிச் சோதனை பயன்படுகிறது. டெஸ்மாய்டா, வேறு ஏதாவது புற்றா என்ற சந்தேகம் இருக்கும்போது அறுவையின் அளவே மாறும். ஸ்கேன் பார்த்துக்கொண்டே குத்தினால் குடலில் படும் பயமும் குறைவு. குத்திய பாதையையும் சேர்த்து அறுவையில் எடுத்துவிடலாம். ஆனால் பொன்னி போல எல்லாம் பொருந்தி வரும்போது தேவையில்லை என்பதில் நானும் உடன்படுகிறேன்.

எடுத்த கட்டியை வெட்டினால் சாம்பல் வெள்ளை நாருக்கு நடுவே காபித்தூள் நிறத்தில் புள்ளிகள் இருக்கும், பழைய இரத்தம். மைக்ராஸ்கோப்பில் மூன்றைத் தேடுவோம்: கருப்பை உள்சவ்வின் சுரப்பிகள், அவற்றைச் சூழ்ந்த தாங்குதிசுவான ஸ்ட்ரோமா, இரும்புக் கறையை விழுங்கி வைத்திருக்கும் செல்கள். இவற்றில் குறைந்தது இரண்டு இருந்தால் எண்டோமெட்ரியோசிஸ் என்று எழுதிவிடலாம்.

புற்றாக மாறுமா என்று எல்லோரும் கேட்பார்கள். மாறலாம், மிக மிக அரிது. அதனால்தான் எடுத்த எதையும் குப்பையில் போடாமல் பயாப்ஸிக்கு அனுப்பச் சொல்கிறோம். கட்டி சடசடவென்று பெரிதானால், மாதவிடாய் நின்ற பிறகும் வளர்ந்தால், எடுத்த இடத்திலேயே மறுபடி மறுபடி வந்தால் தாமதிக்கக் கூடாது.

தாமரை_கடலூர் | பிப்ரவரி 16, மதியம் 2.40

இதுவரை எல்லோரும் வயிற்றுத் தழும்பையே பேசுகிறீர்கள். எனக்குச் சுகப்பிரசவம். கீழ்த்தையல் போட்ட இடத்தில் வந்தது. இதை எழுத எனக்கு மூன்று நாள் ஆயிற்று.

பீரியட்ஸ் நாட்களில் உட்கார முடியாது. நான் பள்ளியில் வேலை பார்க்கிறேன், நின்றுகொண்டே பாடம் எடுப்பேன், பஸ்ஸிலும் நின்றுகொண்டே வருவேன். மூலம் என்று நினைத்து மூன்று வருடம் களிம்பு. கடைசியில் ஒரு மருத்துவர் விரல் விட்டுச் சோதித்தபோதுதான் தையல் கோட்டிலேயே ஒரு உருண்டை இருப்பது தெரிந்தது. ஆசனவாயின் வளையத் தசைக்குப் பக்கத்தில் இருந்ததால், தசைக்குள் போயிருக்கிறதா என்று தனியாக ஒரு ஸ்கேன் எடுத்தார்கள். அந்தத் தசை சேதமானால் மலத்தை அடக்க முடியாமல் போகும் என்று முதலிலேயே விளக்கிச் சொன்னார்கள். மகப்பேறு மருத்துவரும் குடல் அறுவை மருத்துவரும் சேர்ந்து எடுத்தார்கள். ஒரு வருடம் ஆகிறது. உட்கார்ந்து சாப்பிடுகிறேன், உட்கார்ந்து நோட்டுத் திருத்துகிறேன்.

வெட்கப்பட்டு மறைத்து வைக்கும் இடத்தில் வருவதால் இன்னும் தாமதமாகிறது. அதனால்தான் எழுதினேன்.

சுமதி_சேலம் | பிப்ரவரி 16, மாலை 6.05

தாமரை, மூன்று நாள் யோசித்தாலும் எழுதினீர்களே, அதற்கு என் நன்றி. இதைப் படித்து யாரோ ஒருத்தி களிம்பை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் போவாள்.

கவிதா_ஓசூர் | பிப்ரவரி 17, காலை 9.00

அறுவை இல்லாமல் எரித்தோ உறைய வைத்தோ சரி செய்கிறார்களாமே, அது உண்மையா? அக்காவுக்கு மறுபடி மயக்க மருந்து என்றாலே பயம்.

சர்ஜன்_ஈரோடு | பிப்ரவரி 17, இரவு 10.10

உண்மைதான். சீனாவில் ஒலி அலைகளை ஒரு புள்ளியில் குவித்துச் சூட்டால் அழிக்கும் முறையிலும், பிரான்சில் ஊசி வழியாக உறைய வைக்கும் முறையிலும் செய்து வெளியிட்டிருக்கிறார்கள். பலன் நன்றாகவே இருக்கிறது. ஆனால் அதில் கட்டி வெளியே வராது, பயாப்ஸிக்கு முழுத் துண்டு கிடைக்காது. நீண்ட கால விவரமும் அறுவைக்கு இருக்கும் அளவு இல்லை. உங்கள் அக்காவுக்கு முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மட்டும் மரக்க வைத்தே செய்யலாம். முழு மயக்கம் தேவைப்படாது.

பொன்னி_திருச்சி | மார்ச் 29, இரவு 9.45

எடுத்தாயிற்று. மார்ச் 19.

மார்ச் 10 பீரியட்ஸ் வந்தது. 11ஆம் தேதி வரச் சொல்லி, கட்டியின் எல்லையை வலியை வைத்துத் தொட்டுப் பார்த்து, மார்க்கரால் குறித்துப் படம் எடுத்து வைத்துக்கொண்டார் சர்ஜன். வலி இல்லாத நாளில், மரத்துப்போய்ப் படுத்திருக்கும்போது சின்னக் கட்டி கைக்கே தட்டுப்படாமல் போகலாமாம். அறுவை அன்று காலையில் ஸ்கேனில் பார்த்து மறுபடி குறித்தார்கள்.

முதுகில்தான் ஊசி. ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் அதிகம். பழைய தழும்பின் வழியாகவே திறந்திருக்கிறார்கள். தசை உறையில் வெட்டியது சிறிதாக இருந்ததால் மெஷ் வைக்கவில்லை, நேரே தைத்துவிட்டார்கள். எடுத்த துண்டைக் கணவரிடம் காட்டியிருக்கிறார்கள். நடுவில் வெட்டியபோது காபித்தூள் நிறம் இருந்ததாம், பேத்தாலஜி டாக்டர் இங்கே சொன்ன அதே நிறம் என்று வந்து சொன்னார். நேற்று பயாப்ஸி ரிப்போர்ட் வந்தது. எண்டோமெட்ரியோசிஸ், ஓரங்களில் மிச்சம் இல்லை, புற்று எதுவும் இல்லை.

முதல் இரண்டு நாள் எழுந்து உட்காரவே மிகவும் கஷ்டம், அதை மறைக்க மாட்டேன். இருமும்போது தலையணையை வயிற்றில் அழுத்திப் பிடித்துக்கொள்ளச் சொன்னார்கள், அது நன்றாக உதவியது. ஆறு வாரம் தண்ணீர்க் குடம், கேஸ் சிலிண்டர் எதையும் தூக்கக் கூடாது. மகளையும் தூக்கக் கூடாது, அதுதான் கஷ்டம்.

நிலா_வேளச்சேரி | மார்ச் 30, காலை 7.20

மனம் நிறைந்தது பொன்னி. வயிற்றுக்குள் வேறு எங்காவது இருக்கிறதா என்று பார்த்தார்களா? எனக்குச் சினைப்பையில் ஒன்று இருந்தது, தழும்புக்காகப் போன இடத்தில்தான் தெரிந்தது.

அகிலா_மகப்பேறு | மார்ச் 30, இரவு 9.30

நல்ல கேள்வி. தழும்பில் இருக்கும் பெரும்பாலானவர்களுக்கு உள்ளே இருப்பதில்லை, ஏனென்றால் இது அறுவையின்போது போய்ச் சேர்ந்த திசு. ஆனாலும் ஒரு பகுதியினருக்கு இரண்டும் இருக்கும். பீரியட்ஸில் மிகுந்த வயிற்று வலி, உறவின்போது வலி, அடுத்த குழந்தைக்கு முயன்று தாமதம், இவை இருந்தால் உள்ளேயும் நன்றாகப் பார்க்க வேண்டும். இல்லாவிட்டால் எல்லோருக்கும் லேப்ராஸ்கோப்பி தேவையில்லை. தழும்புக் கட்டி மட்டும் என்றால் அது கருத்தரிப்பைத் தடுப்பதில்லை.

பொன்னி_திருச்சி | மே 9, இரவு 10.15

நிலா அக்கா, உள்ளே ஸ்கேன் பார்த்தார்கள், ஒன்றும் இல்லை. மாத்திரை எதுவும் தரவில்லை.

ஏப்ரல் 7, மே 5, இரண்டு பீரியட்ஸ் வந்து போய்விட்டன. ஏப்ரலில் பயந்துகொண்டே இருந்தேன், தழும்பில் லேசான இழுப்பு இருந்தது, புதுத் தையல் என்பதால்தான் என்றார்கள். மே மாதம் வழக்கமான வயிற்று வலி மட்டும். தழும்பில் ஒன்றும் இல்லை. தழும்பின் நடுவில் கொஞ்சம் மரத்துப்போன மாதிரி இருக்கிறது, அது போக மாதக் கணக்கில் ஆகலாமாம். ஆறு மாதம் கழித்து ஒரு ஸ்கேன்.

பெல்ட் எழுதிக் கொடுத்த மருத்துவரிடம் ரிப்போர்ட்டின் நகலைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். கணவர் வேண்டாம் என்றுதான் சொன்னார். அந்த மருத்துவர் முழுதாகப் படித்தார். என் தேதிகளை எழுதிய தாளையும் கேட்டு வாங்கிப் பார்த்தார். அதைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டார். சரி என்றேன்.